கையுறை, கோழி, ஒரு வெறும் குழி: நோயெதிர்ப்பியலில் ஆராய்ச்சிப் படிப்பு என்றால் என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பிள்ளை நோயெதிர்ப்பியலில் பி.எச்.டி. செய்கிறது என்று தெரிந்துவிட்டால், கல்யாண மண்டபத்தில் அதை யாரும் சும்மா விடமாட்டார்கள். "எது சாப்பிட்டா எதிர்ப்பு சக்தி கூடும், சொல்லு" என்று ஒருவர் கேட்பார். "முடிச்சிட்டு கிளினிக் போடுவியாம்மா?" என்பார் இன்னொருவர். கொஞ்சம் உரிமையுள்ள பெரியம்மா என்றால், "இன்னுமா படிச்சி முடியல?" என்பதும் வரும்.

எல்லாம் அன்போடு கேட்பவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தப்பான நினைப்பிலிருந்து கிளம்புகிறது. எதிர்ப்பு சக்தி என்பது கூட்டிக் குறைக்கிற ஓர் அளவு, இந்தப் படிப்பு வைத்தியம் பார்க்கக் கற்றுத்தருகிறது, இதற்கும் பள்ளிக்கூடம் மாதிரி ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, அதை முடித்தால் முடிந்தது. கோவிட் வந்த பிறகு 'ஆன்டிபாடி', 'டி செல்' எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே புழங்கத் தொடங்கிவிட்டன. சொற்கள் வந்து சேர்ந்த அளவுக்கு விளக்கம் வந்து சேரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்து இந்தப் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு கையுறைக்குள் இரண்டு கதை

நம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான். ஆனாலும் நம் பாட்டன் பூட்டன்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது பால்மரம், அதாவது ரப்பர் மரம். அந்தப் பாலிலிருந்தே தொடங்குவோம்.

1980களில் எய்ட்ஸ் பரவியபோது, நோயாளியைத் தொடுகிற எல்லாரும் கையுறை போட வேண்டும் என்ற வழக்கம் மருத்துவமனைகளில் வந்தது. ரப்பர் கையுறைக்கு எக்கச்சக்கமான தேவை. மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலைகள் பெருகின. கூடவே ஒரு புதுத் தொல்லையும் முளைத்தது. சில தாதியருக்குக் கையுறை போட்ட சில நிமிடங்களிலேயே கை தடித்து அரித்தது, மூக்கு ஒழுகியது, மூச்சு இரைத்தது. ஒருசிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. வேறு சிலருக்கோ அன்றைக்கு ஒன்றுமே இல்லை. மறுநாள், அல்லது அதற்கும் மறுநாள், கை சிவந்து வெடித்துத் தோல் உரிந்தது.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் 'கையுறை ஒத்துக்கல' தான். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

முதல் கூட்டத்தைப் பார்ப்போம். பால்மரப் பாலில் ரப்பர் மட்டும் இல்லை, பல புரதங்களும் இருக்கின்றன. நம் உடம்பின் காவல் அமைப்பு அடையாளம் கண்டு எதிர்வினை காட்டக்கூடிய இப்படிப்பட்ட பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். அதைக் கண்டுகொள்ளும் ஒரு வகை வெள்ளணு பி செல். அது ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்து வெளியே விடும். ஓர் ஆன்டிபாடி கண்டதிலெல்லாம் ஒட்டாது, தனக்குப் பொருந்துகிற வடிவத்தில் மட்டுமே ஒட்டும். ஆன்டிபாடிகளில் 5 வகுப்புகள் உண்டு. அவற்றில் ஐ.ஜி.இ. என்பதுதான் இங்கே ஆள். அது தோலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல் என்ற உயிரணுக்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அதே ரப்பர்ப் புரதம் வந்தவுடன் அதைப் பிடிக்கும். மாஸ்ட் செல் உடனே ஹிஸ்டமின் முதலான பொருள்களைக் கொட்டும். அரிப்பு, வீக்கம், இரைப்பு எல்லாம் அதன் விளைவு. எல்லாம் முன்பே தயாராக இருப்பதால்தான் நிமிடங்களில் நடக்கிறது.

இரண்டாம் கூட்டத்துக்குப் பெரும்பாலும் பால்மரப் புரதத்தோடு தகராறே இல்லை. ரப்பர் சீக்கிரம் பதப்பட வேண்டும் என்று தொழிற்சாலையில் கலக்கும் ரசாயனங்கள்தான் காரணம். அங்கே எதிர்வினை காட்டுவது டி செல். அதுவும் வெள்ளணுதான், ஆனால் ஆன்டிபாடி செய்யாது. தொற்றுப்பட்ட உயிரணுவைக் கொல்வது, மற்ற உயிரணுக்களைத் தூண்டிவிடுவது, அடக்குவது என்று அதற்கு வேறு வேலைகள். டி செல்கள் அந்த இடத்துக்கு வந்து கூடிப் பெருக ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால்தான் தாமதம்.

இந்த வித்தியாசம் வெறும் ஏட்டு விஷயமில்லை. முதல் கூட்டத்துத் தாதி பால்மரப் பால் சேராத நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்க் கையுறைக்கு மாறினால் பிழைத்தார். இரண்டாம் கூட்டத்துத் தாதி மாறினாலும் தொல்லை தொடரலாம், ஏனென்றால் அதே மாதிரி ரசாயனங்கள் நைட்ரைல் கையுறையிலும் சேர்க்கப்படுவது உண்டு.

இந்த இரண்டு தாதியருக்கும் எதிர்ப்பு சக்தி குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? நன்றாகவே வேலை செய்கிறது, வேண்டாத இடத்தில்.

டிங்கியில் இது இன்னும் கடுமை. டிங்கி வைரசில் 4 வகை. ஒரு வகை வந்து குணமானால், அந்த வகைக்கு எதிரான ஆன்டிபாடி நெடுநாள் காக்கும். பிறகு வேறொரு வகை தொற்றினால், பழைய ஆன்டிபாடி அதில் அரைகுறையாக ஒட்டி, வைரசை முடக்குவதற்குப் பதில் அது சில வெள்ளணுக்களுக்குள் நுழைய உதவிவிடலாம். இரண்டாம் தடவை வரும் டிங்கி கடுமையாவதற்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. "எதிர்ப்பு சக்தியை ஏத்து" என்று மருந்துக்கடையில் விற்கிற டப்பாக்களின் மேல் இந்த விஷயத்தை யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நோயெதிர்ப்பு என்பது ஓர் அளவு அல்ல, யாரை அடையாளம் கண்டு யார் என்ன செய்கிறார்கள் என்ற உறவுகளின் கூட்டம். பி செல் ஆன்டிபாடி செய்யும், டி செல் நேராக வேலை செய்யும் அல்லது மற்றவற்றை ஏவும். இவற்றுக்கு முன்னாலேயே யார் எவர் என்று பாராமல் கிருமிகளை விழுங்கித் தடுக்கிற பொதுவான ஒரு முதல் அடுக்கும் இருக்கிறது. நம் கதைக்கு அது அவ்வளவு தேவையில்லை.

புத்தகத்தில் இல்லாதது

மேலே சொன்னது முழுக்கப் பாடநூலில் இருக்கிறது. இளங்கலையில் ஒரு செமஸ்டரில் நடத்திவிடுவார்கள். அப்படியானால் அதற்குப் பிறகு நாலைந்து ஆண்டு அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?

பால் வெட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மரம் வெட்டுவதை வாயால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிற கோடு, ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவல், பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கிற படலத்தை மட்டும் தொடக்கூடாது. அவ்வளவுதான் பாடம். சிக்கல் என்னவென்றால், பால் ஓடும் நுண்குழாய்கள் அந்தப் படலத்தை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆழம் போதவில்லை என்றால் பால் இறங்காது. மயிரிழை கூடினால் மரம் காயப்படும். அந்தக் காயம் அன்றைக்குத் தெரியாது. அன்றைக்குப் பால் பிடிக்கும் மங்கு நிறையவே பால் இருக்கும். பட்டை திரும்ப வளரும்போதுதான் முண்டும் முடிச்சுமாக எழும், பிறகு அந்தப் பக்கத்தில் கத்தி வைக்க முடியாது. அதனால்தான் புது ஆளைத் தனி நிரைக்கு அனுப்பாமல், கை பழகும்வரை அனுபவப்பட்ட ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

ஆராய்ச்சிப் பயிற்சியின் சாரம் இதுவே. இன்றைக்கு நிறைய பால் தருகிற வெட்டு நல்ல வெட்டா, காயமா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது. லேபில் அழகான முடிவு வரும் நாளில்தான் அதிகம் பயப்பட வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு மேற்பார்வையாளர் என்று பெயர். பேச்சில் எல்லாரும் சூப்பர்வைசர் என்பார்கள்.

கேள்வியைச் சின்னதாக்குவது

புதிதாக வருகிற மாணவர் பெரும்பாலும், "ரப்பர் ஒவ்வாமைக்குத் தீர்வு காணப் போறேன்" என்றுதான் வருவார். மனது நல்ல மனது. ஆனால் அது கேள்வி இல்லை, ஆசை. முதல் ஆண்டின் பாதி அந்த ஆசையை அறுத்து அறுத்து ஒரு கேள்வியாக்குவதில் போகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த மாதங்கள் சும்மா இருப்பது போலத் தெரியும். என் கணக்கில் இதுதான் மொத்தப் படிப்பிலும் கடினமான பகுதி.

எப்படி அறுப்பது? ஒவ்வாமை தருவது பாலில் உள்ள எந்தப் புரதம் என்பது முதல் வெட்டு. இதை முந்தைய தலைமுறை செய்து முடித்துவிட்டது. மரத்தின் அறிவியல் பெயரான ஹெவியா பிரேசிலியென்சிஸ் என்பதைச் சுருக்கி, ஹெவ் பி 1, ஹெவ் பி 2 என்று பத்துக்கு மேற்பட்ட புரதங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். இந்த வேலையில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்து, எல்லாருக்கும் ஒரே புரதமா ஒத்துக்கொள்ளவில்லை? இல்லை. கையுறை போடும் மருத்துவப் பணியாளர்களுக்கு ஹெவ் பி 5, ஹெவ் பி 6 அதிகம் தொல்லை கொடுக்கின்றன. முதுகெலும்புக் குறையோடு பிறந்து சின்ன வயதிலிருந்தே பல அறுவை சிகிச்சைகளுக்கு ஆளான பிள்ளைகளுக்கு ஹெவ் பி 1, ஹெவ் பி 3. பால் ஒன்றுதான், உடம்பைத் தொட்ட வழி வேறு, அடையாளம் காணப்பட்ட புரதமும் வேறு.

இன்னொரு வினோதம். ரப்பர் ஒவ்வாமை உள்ள சிலருக்கு வாழைப்பழமும் வெண்ணெய்ப்பழமும் சாப்பிட்டால் வாய் அரிக்கும். ஹெவ் பி 6-இன் ஒரு பகுதியைப் போன்ற வடிவம் வாழைப்பழத்தில் உள்ள ஒரு புரதத்திலும் இருப்பது இதற்குக் காரணம். அப்போது கேள்வி இந்த அளவுக்கு வந்து நிற்கும்: 'ரப்பர் ஒவ்வாமையும் வாழைப்பழ அரிப்பும் சேர்ந்துள்ளவர்களின் ரத்தத்தில், இரண்டு புரதத்திலும் ஒட்டுவது ஒரே ஐ.ஜி.இ. தானா?' இது ஒரு மாஸ்டர்ஸ் தாங்கும் அளவு. 'ஆம், ஒன்றேதான்' என்று ஊகித்துக்கொண்டு, அது பொய்யாகிப்போக வாய்ப்புள்ள ஒரு சோதனைக்கு அதை உட்படுத்த வேண்டும். அப்படிப் பொய்யாக்கிப் பார்க்கக்கூடிய ஊகத்துக்குக் கருதுகோள் என்று பெயர். பொய்யாகவே முடியாத ஊகத்தை வைத்துக்கொண்டு வருகிறவரைச் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மனித ரத்தம் எடுப்பதானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் செய்யும் ஆய்வு என்றால் அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும். பாரங்களை நிரப்புவது அலுப்பான வேலை. ஆனால் "எதுக்குய்யா என் ரத்தம்?" என்று கேட்கிற ஒரு தோட்டத்துத் தாத்தாவுக்கு அவருக்குப் புரிகிற தமிழில் பதில் சொல்லி, வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு என்பதையும் விளக்கிக் கையெழுத்து வாங்குவது அலுப்பான வேலை அல்ல. நம் பிள்ளைகளால் அதை மற்றவர்களைவிட நன்றாகச் செய்ய முடியும்.

வெறும் குழி

இனி லேபுக்குள் போவோம். எலைசா என்ற சோதனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடியோ ஆன்டிஜெனோ இருக்கிறதா, எவ்வளவு என்பதை நிற மாற்றத்தால் காட்டும் முறை அது. 1971-இல் ஸ்டாக்ஹோமில் பீட்டர் பெர்ல்மனும் அப்போது அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஈவா எங்வாலும் இதை வெளியிட்டார்கள். டிங்கிக்கு ரத்தம் பார்க்கும் லேப்களிலும் இதே முறை பயன்படுகிறது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ரப்பர்ப் புரதத்தைப் பூசி இரவு முழுக்கக் குளிரில் வைப்பார்கள். மறுநாள், புரதம் ஒட்டாமல் மிச்சமான இடத்தை மாட்டுப்பால் புரதம் மாதிரி ஏதாவது ஒன்றால் அடைப்பார்கள். பிறகு நோயாளியின் சீரம், அதாவது உறைந்த ரத்தத்தின் மேல் நிற்கும் தெளிவான மஞ்சள் நீர். அதில் ரப்பருக்கு எதிரான ஐ.ஜி.இ. இருந்தால் போய் ஒட்டும். கழுவு. ஐ.ஜி.இ.யைப் பிடிக்கிற இன்னோர் ஆன்டிபாடியை ஊற்று, அதன் வாலில் ஒரு நொதி கட்டியிருக்கும். மறுபடி கழுவு. கடைசியில் நிறமில்லாத ஒரு திரவம். நொதி இருக்கிற குழியில் அது நீலமாகும். அமிலம் ஒரு சொட்டு விட்டால் நீலம் பளிச்சென்று மஞ்சளாகி அப்படியே நிற்கும். எவ்வளவு மஞ்சள் என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும்.

புதிய மாணவர் மஞ்சளைப் பார்த்துச் சிரிப்பார். சூப்பர்வைசரின் கண் நேராகத் தட்டின் ஓரத்துக்குப் போகும். அங்கே சீரமே ஊற்றாத ஒரு குழி இருக்கும். அது நிறமில்லாமல் இருக்க வேண்டும். அதுவும் இளமஞ்சளாக இருந்தால் அன்றைய 96 குழியும் குப்பை. சரியாகக் கழுவவில்லை, அல்லது அடைப்பு போதவில்லை. நோயாளியின் குழியில் உள்ள மஞ்சள் நோயாலா, அழுக்காலா என்று இனிச் சொல்ல வழியில்லை.

இந்த மாதிரிக் குழிகளுக்குக் கட்டுப்பாட்டு மாதிரி என்று பெயர். லேபில் கண்ட்ரோல் என்பார்கள். சோதனை பொய் சொல்கிறதா என்று காட்டுவதற்காக, விடை முன்கூட்டியே தெரிந்த ஒன்றைக் கூடவே வைப்பதுதான் அது. வெறும் குழி ஒன்று போதாது. ஒவ்வாமை உறுதியான ஒருவரின் சீரம் வேண்டும், அது மஞ்சளாகியே தீர வேண்டும். ரப்பரோடு எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் சீரம் வேண்டும். நம் வாழைப்பழக் கேள்விக்கு இன்னொன்றும் வேண்டும்: சீரத்தை முதலில் வாழைப்பழப் புரதத்தோடு கலந்து வைத்துவிட்டு, பிறகு ரப்பர் பூசிய குழியில் ஊற்ற வேண்டும். ஒரே ஆன்டிபாடிதான் இரண்டையும் பிடிக்கிறது என்றால், அது வாழைப்பழத்திலேயே சிக்கிக்கொண்டு குழியில் மஞ்சள் குறையும். குறையவில்லை என்றால் கருதுகோள் போச்சு. குறைந்தால்கூட, சம்பந்தமே இல்லாத வேறொரு புரதத்தைக் கலந்தால் மஞ்சள் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

தேர்வறையில் வெளித் தேர்வாளர் பெரும்பாலும் இந்த ஓரக் குழிகளைப் பற்றித்தான் குடைவார். ஆய்வேட்டை எழுதி முடித்த பிறகு மேசைக்கு எதிரே உட்கார்ந்து அதைக் காப்பாற்றும் அந்த நேர்முகத் தேர்வுக்கு வைவா என்று பெயர்.

சுருக்கமாக: கேள்வி சின்னதாக வேண்டும், ஊகம் பொய்யாக வழி இருக்க வேண்டும், ஒவ்வொரு சோதனைக்குள்ளும் அந்தச் சோதனையையே சோதிக்கிற குழிகள் இருக்க வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி இந்த மூன்றாவதில் கழிகிறது.

பாழாய்ப்போன ஒரு வகுப்புப் பாடம்

'குப்பை' என்று தூக்கிப்போடுவதிலும் ஒரு கலை இருக்கிறது. எதைப் போடக்கூடாது என்பதற்கு இந்தத் துறையில் ஒரு கோழிக் கதை உண்டு.

கோழியின் கழிவுத்துளைக்குப் பக்கத்தில் பை மாதிரி ஓர் உறுப்பு. ஃபேப்ரீஷியஸ் என்ற இத்தாலிய உடற்கூறு அறிஞரின் பெயரால் அதை ஃபேப்ரீஷியஸ் பர்சா என்பார்கள். அது எதற்கு என்று நூற்றாண்டுக் கணக்கில் யாருக்கும் தெரியாது. 1950களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் கோழிக்குஞ்சுகளுக்கு அதை வெட்டி எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. கோழிகள் பாட்டுக்கு வளர்ந்தன.

திமத்தி சாங் என்ற சக மாணவருக்கு வகுப்பில் ஆன்டிபாடி உண்டாவதைச் செய்துகாட்டக் கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கிடம் வாங்கி, சால்மொனெல்லா கிருமியின் ஆன்டிஜெனைச் செலுத்தினார். பாடம் சொதப்பிவிட்டது, ஆன்டிபாடி வரவில்லை. 'மருந்து கெட்டுப்போச்சு' என்று விட்டிருக்கலாம். இருவரும் எந்தக் கோழி எது என்று திரும்பிப் பார்த்தார்கள். ஆன்டிபாடி செய்யாதவை பர்சா எடுக்கப்பட்டவை.

பெரிய அறிவியல் இதழ் ஒன்று அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1956-இல் கோழி வளர்ப்புத் துறைக்கான ஓர் இதழில் வந்தது. நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளர்கள் கோழி இதழைப் படிப்பார்களா? சில ஆண்டு யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகுதான் ஆன்டிபாடி செய்யும் வெள்ளணுக்கள் ஒரு தனி வகை என்பது தெளிவானது. பி செல்லின் பெயரில் உள்ள அந்த 'பி' பர்சாவிலிருந்து வந்தது. மனிதருக்குப் பர்சா கிடையாது, நமக்கு அவை எலும்பு மஜ்ஜையில் முதிர்கின்றன.

எந்தக் கோழிக்கு என்ன செய்தோம் என்று கிளிக் எழுதி வைத்திருக்காவிட்டால் இந்தக் கண்டுபிடிப்பு அங்கேயே செத்திருக்கும். லேப் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி சூப்பர்வைசர்கள் அப்படிக் கத்துவது இதனால்தான்.

ஈப்போ பக்கம், 1998

நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது ஒன்று. 1998 இறுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள், காரணமும் இருந்தது. சில நோயாளிகளின் ரத்தத்தில் அந்த வைரசுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை பரவியது.

கணக்கு உதைத்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்கள் பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் இருமிச் செத்தன. ரத்தத்தில் ஓர் ஆன்டிபாடி இருக்கிறது என்றால் அந்தக் கிருமியை, அல்லது அதன் தடுப்பூசியை, உடம்பு எப்போதோ சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். இன்றைய நோய்க்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் வைரஸ் துறையில் பயிற்சியில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸ் ஒன்றை வளர்த்தெடுத்தார். மாதிரியை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய்ச் சோதித்தபோது, 1994-இல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஹென்ட்ரா வைரசுக்கான ஆன்டிபாடி அதில் ஒட்டியது. ஹென்ட்ராவின் உறவு, ஆனால் அதே அல்ல. நோயாளியின் ஊரான சுங்கை நீப்பாவின் பெயரால் அது நீப்பா வைரஸ் ஆனது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

வழிகாட்டியதும் ஓர் ஆன்டிபாடி, வழிதவற வைத்ததும் ஓர் ஆன்டிபாடி. சோதனை தவறில்லை, அதற்குப் போட்ட அர்த்தம்தான் தவறு.

மலேசியாவில் பாதை

இது சுலபமான பகுதி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.எம்., பிறகு எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன். அடுத்து உயிரி மருத்துவம், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், மருந்தியல், கால்நடை மருத்துவம், மருத்துவம் போன்ற ஏதாவது ஓர் இளங்கலை. 'நோயெதிர்ப்பியல்' என்றே பெயர் போட்ட இளங்கலையைத் தேடி அலைய வேண்டாம், அது பெரும்பாலும் மேற்படிப்பில்தான் தனிக்கிளையாகும்.

மேற்படிப்பு மூன்று விதமாக நடக்கிறது: பாடங்கள் மட்டும், பாடமும் ஆய்வும் கலந்தது, ஆய்வு மட்டும். பி.எச்.டி.க்குப் போகும் எண்ணம் இருந்தால் ஆய்வுள்ள மாஸ்டர்ஸைத் தேர்ந்தெடுங்கள். பாடம் மட்டும் உள்ளது ஒன்றும் மட்டமில்லை, ஆனால் ஓரக் குழி ஏன் மஞ்சளாச்சு என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஆய்வு மாஸ்டர்ஸ் இரண்டு ஆண்டு அளவில் ஓடும். பி.எச்.டி. காகிதத்தில் 3 ஆண்டு, நாலு ஐந்து ஆவது சாதாரணம். பெரியம்மாவிடம் முதலிலேயே ஐந்து என்று சொல்லிவிடுவது நல்லது.

எங்கே? கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் நோயெதிர்ப்பியலுக்குத் தனித்துறை இருக்கிறது. மலாயா, புத்ரா, தேசியப் பல்கலைக்கழகங்களிலும் லேப்கள் உண்டு. 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஒவ்வாமை, நோயெதிர்ப்புக்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது.

கிளினிக் கேள்விக்குப் பதில்: இந்தப் பி.எச்.டி. மட்டும் வைத்துக்கொண்டு ஊசி போட முடியாது, மருந்து எழுத முடியாது. நோயாளியைப் பார்க்கும் நோயெதிர்ப்பு மருத்துவர் முதலில் மருத்துவப் பட்டம் வாங்கி, அதன்மேல் சிறப்புப் பயிற்சி பெற்றவர். சிலர் இரண்டையும் வைத்திருப்பார்கள். பி.எச்.டி. முடித்தவர்கள் பல்கலைக்கழகங்களுக்கும், அரசு ஆய்வகங்களுக்கும், சோதனைக் கருவியும் தடுப்பூசியும் செய்யும் நிறுவனங்களுக்கும், வேறொரு லேபில் சில ஆண்டுத் தொடர் பயிற்சிக்கும் போகிறார்கள்.

பணமும் ஆளும்

தோட்டத்துக் குடும்பங்களில் பிள்ளை 22 வயதில் சம்பளம் கொண்டுவரும் என்று வீடு கணக்குப் போட்டு வைத்திருக்கும். அந்தக் கணக்கைக் கேவலமாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை. ஆகவே பண விஷயத்தை வெட்கப்படாமல் முதல் நாளே கேளுங்கள். ஆய்வு மாணவர்களுக்குப் பணம் பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். ஒன்று, மாணவரின் பெயரிலேயே வருகிற உதவித்தொகை. மற்றொன்று, சூப்பர்வைசர் வாங்கியிருக்கிற ஆய்வு மானியத்திலிருந்து ஆய்வு உதவியாளராக மாதாமாதம் தருவது. இரண்டாவதில் ஒரு வில்லங்கம்: மானியத்துக்குக் காலக்கெடு உண்டு. உங்கள் படிப்பு முடிவதற்கு முன்னால் அது முடிந்துபோகலாம். அப்புறம் பகுதிநேர டியூஷன்தான், இரவில்தான் எழுத்துவேலை. இந்த நிலைக்கு வந்து பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் அறிவில் குறைந்தவர்கள் இல்லை.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிடச் சூப்பர்வைசர் யார் என்பது அதிகம் தீர்மானிக்கும். அவரிடம் படித்த கடைசி மூன்று பேர் முடிக்க எத்தனை ஆண்டு ஆனது? கட்டுரைகளில் முதல் பெயராக மாணவர் பெயர் வருகிறதா? தட்டைத் தானே பார்க்கிறாரா, வரைபடத்தை மட்டும் பார்க்கிறாரா? முடிவு அவர் எதிர்பார்த்ததற்கு எதிராக வந்தால் என்ன செய்கிறார்? கடைசியாகக் கேட்டது மிக முக்கியம். எதிரான முடிவைக் கண்டு முகம் சுளிக்கிறவரிடம் மாணவர்கள் மெல்ல மெல்ல அவருக்குப் பிடித்த முடிவுகளை மட்டும் காட்டக் கற்றுக்கொள்வார்கள்.

இவற்றை அவரிடமே கேட்டால் நல்ல பதில்தான் வரும். அவருடைய லேபில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவரைப் பிடியுங்கள். முதலாம் ஆண்டுக்காரருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, கடைசி ஆண்டுக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். லேபுக்குள் வைத்துக் கேட்க வேண்டாம்.